டவர் இல்லாத கடல், டவர் மிகுந்த வானம்

சென்னைக்கு வடக்கே உள்ள பழவேற்காடு ஏரியின் முகத்துவாரத்தைத் தாண்டிக் கிழக்கே போகும் ஃபைபர் படகில் செல் எதுவரை பேசும் என்பது மீனவர்களுக்குப் பழக்கத்தில் தெரியும். கணக்குப் போட்டும் கண்டுபிடிக்கலாம். பூமி உருண்டை என்பதால், கரையில் நிற்கும் டவரின் அலை ஓரளவு தூரத்துக்குப் பிறகு நீர்மட்டத்தை விட்டு மேலே விலகிப் போய்விடும். டவரின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால், அந்த அலை கடல்மட்டத்தில் எட்டும் தூரம் கிலோமீட்டரில் கிடைக்கும். 40 மீட்டர் டவருக்கு அது 26 கிலோமீட்டர். நீர்மட்டத்திலிருந்து 2 மீட்டர் உயரத்தில், படகில் நிற்பவர் கையில் இருக்கும் செல்லுக்கு ஏறக்குறைய 6. இரண்டையும் கூட்டினால் 32 கிலோமீட்டர், அதாவது சுமார் 17 கடல் மைல். எல்லாம் சரியாக அமைந்தால்தான் இந்தத் தூரம். படகு அலையில் ஏறி இறங்கும்போதும், உப்புத் தண்ணீருக்குப் பயந்து செல்லைப் பாலித்தீன் பையில் கட்டி இடுப்பில் செருகியிருக்கும்போதும் அதற்கு வெகுமுன்பே சிக்னல் போய்விடும்.

இதே கணக்கை, அந்தப் படகுக்கு நேர் மேலே 10 கிலோமீட்டர் உயரத்தில் சென்னையை நோக்கி வரும் விமானத்துக்குப் போட்டுப் பாருங்கள். 10,000-இன் வர்க்கமூலம் 100. அங்கே இருக்கும் செல்லின் ரேடியோ அடிவானம் 412 கிலோமீட்டர். பெங்களூரு, திருச்சி, விஜயவாடா மூன்றும் அந்த வட்டத்துக்குள் வந்துவிடுகின்றன. 32 கிலோமீட்டரைத் தாண்டிய படகில் இருப்பவருக்கு ஒரு டவர்கூட எட்டவில்லை. விமானத்தில் இருப்பவரின் செல்லுக்கோ ஆயிரக்கணக்கான டவர்கள் ஒரே நேரத்தில் நேர்க்கோட்டில் இருக்கின்றன.

விமானத்தில் மின்னணுக் கருவிகளுக்கு ஏன் இத்தனை கட்டுப்பாடு என்று கேட்பவர்களுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் பதில் இங்கிருந்துதான் தொடங்குகிறது. தரையில் உள்ள செல் வலையமைப்பு, ஒரு செல்லை ஒரு சில டவர்களே காணும் என்ற கணக்கில் கட்டப்பட்டது. மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தில் மேலே பறக்கும் செல் அந்தக் கணக்கைக் குலைக்கும். டவரின் ஆண்டெனாக்கள் தரையை நோக்கிச் சாய்ந்திருப்பதால் மேலே கிடைப்பது ஓரத்துச் சிக்னல்தான். தொடர்பு சரியாகக் கிடைக்காத செல் தன் சக்தியை உச்சத்துக்கு ஏற்றும். 2ஜி செல் 900 மெகாஹெர்ட்ஸில் 2 வாட் வரை விட்டு விட்டு அனுப்பும். ஒலிபெருக்கி அருகே பழைய செல்லை வைத்தால் கேட்கும் அந்த 'டிடிட் டிடிட்' ஓசை, நொடிக்கு 217 தடவை துடிக்கும் அந்த அலையால் வருவது. இறங்கும் நேரத்தில் விமானியின் காதில் அது விழக்கூடாது என்பது நியாயமான கவலை. ஆனால் இந்தக் கவலை இன்று பெருமளவு தீர்ந்துவிட்டது. 2014-இல் நம் நாட்டின் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ, ஃப்ளைட் மோடில் வைத்த கருவிகளைப் பயணம் முழுவதும் பயன்படுத்த அனுமதி கொடுத்துவிட்டது.

அடுத்த கவலை நெருப்பு. 2016 செப்டம்பர் 23 அன்று சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு வந்த இண்டிகோ விமானத்தில், தலைக்கு மேலிருந்த பெட்டி வைக்கும் அறையிலிருந்து புகை வந்தது. உள்ளே ஒரு சாம்சங் கேலக்ஸி நோட் 2. பணிப்பெண்கள் தீயணைப்பானை அடித்துவிட்டு, அந்தச் செல்லைத் தண்ணீர் நிரம்பிய பாத்திரத்தில் போட்டுக் கழிவறையில் வைத்தார்கள். விமானம் பத்திரமாக இறங்கியது. அவர்கள் தண்ணீரைத் தேடியது சரியான அறிவியல். லித்தியம் பேட்டரியில் ஒரு மின்கலம் சூடேறி உடைந்தால், அந்தச் சூடே பக்கத்து மின்கலத்தை உடைக்கும். மேலே எரியும் தீயை அணைத்தால் மட்டும் போதாது, உள்ளே இருக்கும் வெப்பத்தை இழுத்தாக வேண்டும். சரக்கறையில் இருக்கும் ஹாலான் வாயு தீயை அணைக்கும், வெப்பத்தை இழுக்காது. பவர் பேங்கைச் சரக்குப் பெட்டியில் போடாதீர்கள், கைப்பையில் கொண்டு வாருங்கள் என்று சொல்வதன் காரணம் இதுதான். தீப்பிடித்தால் கண்ணெதிரே, கையெட்டும் இடத்தில் பிடிக்கட்டும் என்பதே கணக்கு.

பாதுகாப்பு அதிகாரிகளின் கணக்கு இதற்கு நேர் எதிரானது. 1985 ஜூன் 23 அன்று டோக்கியோ நரிட்டா விமான நிலையத்தில் வெடித்த குண்டு ஒரு ஸ்டீரியோ டியூனருக்குள் இருந்தது. அதே நாள் அட்லாண்டிக் கடலின் மேல் ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானம் சிதறியது. 1988-இல் லாக்கர்பியில் விழுந்த விமானத்தின் குண்டு ரேடியோ கேசட் பெட்டிக்குள் வைக்கப்பட்டிருந்தது. 2016 பிப்ரவரியில் மொகதிஷுவிலிருந்து கிளம்பிய விமானத்தில் லேப்டாப்புக்குள் இருந்தது. அதனால்தான் 2017 மார்ச்சில் அமெரிக்கா, மேற்காசியாவையும் வட ஆப்பிரிக்காவையும் சேர்ந்த 10 விமான நிலையங்களிலிருந்து வருபவர்கள் செல்லை விடப் பெரிய எந்தக் கருவியையும் கேபினுக்குள் கொண்டுவரக்கூடாது, எல்லாவற்றையும் சரக்கறையில் போடுங்கள் என்றது. துபாய், தோஹா, அபுதாபி வழியாக அமெரிக்கா போகும் தமிழர்கள் பலர் அந்த மாதங்களில் லேப்டாப்பைக் கவுண்டரில் ஒப்படைத்துவிட்டுத்தான் ஏறினார்கள். வெடிகுண்டுக்குப் பயந்தவர்கள் லேப்டாப் கீழே போகட்டும் என்றார்கள். தீக்குப் பயந்தவர்கள் அது மேலேயே இருக்கட்டும் என்றார்கள். இரண்டு பயமும் உண்மையானவை. அந்த ஆண்டு ஜூலைக்குள் விமான நிலையங்கள் சோதனையைக் கூட்டிக்கொண்டன, தடை விலகியது. சோதனையைக் கூட்டுவதுதான் நல்ல வழி என்பது அன்றே தெளிவாகிவிட்டது.

சென்னைக்கு இந்தப் பயம் அந்நியமானதல்ல. 1984 ஆகஸ்ட் 2 இரவு மீனம்பாக்கத்தில் ஒரு பெட்டி வெடித்ததில் 30-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இன்று அங்கே எக்ஸ்ரே பெல்ட்டில் லேப்டாப்பை வெளியே எடுத்து வைக்கச் சொல்லும்போது யாரும் சலித்துக்கொள்ள வேண்டாம். எக்ஸ்ரே திரையில் உணவு, துணி, வெடிபொருள் போன்ற கரிமப் பொருள்கள் ஆரஞ்சு நிறத்திலும், உலோகம் நீலத்திலும் தெரியும். லேப்டாப்பின் அடர்ந்த நீலத்துக்குப் பின்னால் ஒரு சிறு ஆரஞ்சு ஒளிந்துகொள்ள முடியும். அதற்காகத்தான் பிரிக்கச் சொல்கிறார்கள்.

இதுவரை சொன்னது உலகத்துக்குப் பொதுவானது. இந்திய விமான நிலையங்களுக்கே உரிய இன்னொரு தடை இருக்கிறது. பழவேற்காட்டுக் கடலைத் தொடுவது அதுதான்.

2024 டிசம்பரில் கோவா விமான நிலையத்தில் கனடாவிலிருந்து வந்த ஒரு பயணி தடுக்கப்பட்டார். அவர் பையில் இருந்தது மலையேறுபவர்கள் வைத்துக்கொள்ளும் கார்மின் இன்ரீச் என்ற கருவி. எடை 100 கிராம். அடுத்த மாதமே புதுச்சேரி விமான நிலையத்தில் இன்னொரு வெளிநாட்டுப் பயணியிடம் இரிடியம் செயற்கைக்கோள் போன் பிடிபட்டது. கோவாவில் தடுக்கப்பட்டவர் அதை ஒளித்து வைக்கவில்லை. தன் ஊரில் கடையில் வாங்கக்கூடியது இங்கே குற்றம் என்று அவருக்குத் தெரியாது. 2025 ஜனவரியில் டிஜிசிஏ, இந்தத் தடையைப் பயணிகளுக்கு முன்கூட்டியே சொல்லுங்கள் என்று விமான நிறுவனங்களைக் கேட்டுக்கொண்டது. தொலைத்தொடர்புத் துறையின் முன் அனுமதி இல்லாமல் துராயா, இரிடியம் போன்ற செயற்கைக்கோள் போன்களை இந்தியாவில் வைத்திருக்கவே கூடாது. விமானத்தில் மட்டுமல்ல, தெருவிலும் வீட்டிலும் படகிலும்கூட.

ஏன் என்று புரிந்துகொள்ள, பழவேற்காட்டுப் படகு ஒன்றில் இருக்கும் கையடக்க ஜிபிஎஸ்ஸை எடுத்துப் பார்க்கலாம். தெளிவான பிளாஸ்டிக் டப்பாவுக்குள் வைத்து ரப்பர் பேண்டு போட்டிருப்பார்கள். பொத்தான்களின் எழுத்து உப்பில் அழிந்திருக்கும். உள்ளே பாயிண்டுகள்: எந்தப் பாரில் (கடலடித் திட்டில்) மீன் கிடைத்தது, எங்கே வலை கடலடிப் பாறையில் மாட்டிக் கிழிந்தது, முகத்துவாரத்தின் வாய் இந்த மாதம் எங்கே திறந்திருக்கிறது. முன்பெல்லாம் கலங்கரை விளக்கத்தையும் அனல் மின் நிலையப் புகைபோக்கியையும் நேர் பார்த்துத்தான் பாரைக் கண்டுபிடித்தார்கள். கரை மறைந்த பிறகு நட்சத்திரமும் காற்றும் நீரோட்டமும்தான் துணை. இப்போது அந்த அறிவு முழுவதும் ஒரு சிறு பெட்டிக்குள் எண்களாகச் சேர்ந்திருக்கிறது. அது தொலைந்தால் ஒரு குடும்பத்தின் பல வருடத் தேடல் தொலைந்த மாதிரி.

இந்த ஜிபிஎஸ் கருவி எதையும் அனுப்புவதில்லை. 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் 1575.42 மெகாஹெர்ட்ஸில் நேரத்தைச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. அந்தச் சிக்னல் படகுக்கு வந்து சேரும்போது அதன் சக்தி ஒரு வாட்டில் பத்தாயிரம் இலட்சம் கோடியில் ஒரு பங்குதான். கருவி அதைக் காது கொடுத்துக் கேட்டு, நான்கு செயற்கைக்கோள்களின் நேர வேறுபாட்டைக் கணக்கிட்டுத் தன் இடத்தை அறிகிறது. மைக்ரோ நொடி ஒன்று பிசகினால் 300 மீட்டர் தவறிவிடும். வீட்டில் பாட்டுக் கேட்கும் ரேடியோப் பெட்டியைப் போன்றதுதான் இது: யார் கேட்கிறார், எங்கிருந்து கேட்கிறார் என்று ஒலிபரப்பும் நிலையத்துக்குத் தெரியவே தெரியாது.

கோவாவில் பிடிபட்ட கருவி பார்ப்பதற்கு இதேபோல இருக்கும். நிறுவனமும் ஒன்று, ரப்பர் உடம்பும் ஒன்று, திரையில் தெரியும் அட்சரேகை தீர்க்கரேகையும் ஒன்று. ஆனால் அது கேட்பதோடு நிற்காது, பேசும். 1616 முதல் 1626.5 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலைவரிசையில், 780 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் இரிடியம் செயற்கைக்கோள்களுக்குக் குறுஞ்செய்தி அனுப்பும். 66 செயற்கைக்கோள்களும் தங்களுக்குள் சங்கிலியாகப் பேசிக்கொண்டு, செய்தியை அமெரிக்காவின் அரிசோனாவில் உள்ள தரை நிலையத்தில் இறக்கும். துராயா போன் செய்வதும் இதே வேலை. அதன் செயற்கைக்கோள் பூமத்தியரேகைக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் ஒரே இடத்தில் நிற்கிறது. தூரம் இரிடியத்தைவிட 46 மடங்கு என்பதால், வந்து சேரும் சக்தி இரண்டாயிரத்தில் ஒரு பங்காகக் குறையும். அதை ஈடுகட்ட அந்தச் செயற்கைக்கோளில் மிகப் பெரிய ஆண்டெனா விரித்து வைத்திருக்கிறார்கள். அதன் தரை நிலையம் ஷார்ஜாவில் இருக்கிறது.

இந்தியாவின் சிக்கல் இந்தத் தரை நிலையம்தான். பழவேற்காட்டிலிருந்து சாதாரண செல்லில் பேசினால் பேச்சு பொன்னேரி டவர் வழியாக இந்திய வலையமைப்புக்குள் போகிறது. சட்டப்படி உத்தரவு இருந்தால் அதைக் கண்காணிக்க முடியும், பேசியவர் எங்கே இருந்தார் என்று சொல்ல முடியும். துராயாவில் பேசினால் பேச்சு தலைக்கு மேலே ஏறி வேறு நாட்டில் இறங்குகிறது. நம் மண்ணைத் தொடுவதே இல்லை. 2008 நவம்பரில் மும்பைக்கு வந்த பத்துப் பேர், குஜராத்தின் போர்பந்தரைச் சேர்ந்த குபேர் என்ற மீன்பிடிப் படகைக் கைப்பற்றி, அதன் மீனவர்களைக் கொன்று, அதிலேயே வந்தார்கள். கரைக்கு அருகில் ரப்பர் படகுக்கு மாறினார்கள். குபேரில் அவர்கள் விட்டுச் சென்ற பொருள்களில் ஒரு துராயா போனும் ஒரு ஜிபிஎஸ்ஸும் இருந்தன. அவர்கள் இறங்கிய இடம் மச்சிமார் நகர் என்ற மீனவர் குடியிருப்பு. அந்நியர்களை முதலில் பார்த்துச் சந்தேகப்பட்டவர்களும் அங்கிருந்த மீனவ மக்களே.

இதற்குப் பிறகு வந்த கட்டுப்பாடுகளின் பாரம் இரு சாராரின் மேல் விழுந்தது. ஒரு சாரார் விமானப் பயணிகள். இன்னொரு சாரார் மீனவர்கள். 20 மீட்டருக்கு மேற்பட்ட படகுகளுக்குத் தானியங்கி அடையாளக் கருவி, ஒவ்வொரு மீனவருக்கும் அடையாள அட்டை, ஒவ்வொரு படகுக்கும் பதிவு எண், மாநிலத்துக்கு ஒரு நிறம். 2012-இல் கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் இந்தியக் கடற்பரப்பில் துராயா, இரிடியம் பயன்பாட்டைத் தடை செய்து ஆணையிட்டது. ஒரு நாட்டுக்குத் தன் கடலில் யார் பேசுகிறார் என்று தெரிந்துகொள்ளும் உரிமை உண்டு. ஆனால் வெறும் தடை மட்டும் போட்டால், கடலில் புயலில் மாட்டுபவர் வாயையும் சேர்த்துக் கட்டியதாகிவிடும்.

அதுதான் 2017-இல் நடந்தது. நவம்பர் 29, 30 தேதிகளில் குமரிமுனைக்கு அருகே ஓகி புயல் மிக வேகமாக உருவானது. கரையிலிருந்து நூறு கடல் மைலுக்கு அப்பாலும் படகுகள் இருந்தன. செல் எட்டாது. படகுகளில் இருந்த விஎச்எஃப் வயர்லெஸ்ஸும் எட்டாது. மூன்று மீட்டர் உயர ஆண்டெனா வைத்த இரு படகுகள் ஒன்றோடொன்று பேச எட்டும் தூரம் 14 கிலோமீட்டர்தான். எச்சரிக்கையைக் கொண்டுபோய்ச் சேர்க்க வழியே இல்லை. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் நூற்றுக்கணக்கான மீனவர்கள் திரும்பவில்லை. உலகின் பல நாடுகளில் கடையில் காசு கொடுத்து வாங்கக்கூடிய ஒரு கருவி அந்தப் படகுகளில் இருந்திருந்தால் பலர் பிழைத்திருப்பார்கள் என்பதை நான் எத்தனை தடவை யோசித்தாலும் மனம் ஆறுவதில்லை.

இந்தச் சிக்கலைத் தீர்க்க இந்தியா எடுத்த வழி எனக்கு நம்பிக்கை தருகிறது. தடையை நீக்கவில்லை, தரை நிலையத்தை நம் மண்ணுக்குக் கொண்டுவந்தார்கள். ஓகி வருவதற்கு முன்பே, 2017 மே மாதம் பிஎஸ்என்எல், காசியாபாத்தில் உள்ள தன் தரை நிலையம் வழியாக இன்மார்சாட் செயற்கைக்கோள் போன் சேவையைத் தொடங்கியது. ஓகிக்குப் பிறகு ஆழ்கடல் படகுக் குழுக்களுக்குத் தமிழக அரசு கொடுத்த செயற்கைக்கோள் போன்கள் இந்த வகையைச் சேர்ந்தவை. துராயாவும் இதுவும் செய்யும் வேலை ஒன்றுதான். பேச்சு இறங்கும் ஊர் மட்டும் வேறு. விமானத்துக்கும் இதே சட்டம் வந்தது. 2018-இல் வெளியான விமான, கடல்சார் இணைப்பு விதிகள் வானத்தையும் கடலையும் ஒரே விதிக்குள் கொண்டுவந்தன. இந்திய வான்பரப்பில் 3,000 மீட்டருக்கு மேலே வைஃபை தரலாம், கப்பலிலும் தரலாம். ஆனால் செயற்கைக்கோளின் தரை நிலையம் இந்தியாவில் இருக்க வேண்டும்.

ஆனால் பிஎஸ்என்எல் போன் விலை கூடியது, கட்டணமும் கூடியது. ஃபைபர் படகுக்காரருக்கு அது கட்டாது. அவருக்கான வழி பழவேற்காட்டுக்கு வடக்கே, ஏரியையும் வங்கக்கடலையும் பிரித்து நீண்டு கிடக்கும் ஸ்ரீஹரிகோட்டாத் தீவிலிருந்து வந்தது.

அந்தத் தீவின் ஏவுதளங்கள் பழவேற்காட்டிலிருந்து சுமார் 35 கிலோமீட்டர் தொலைவில் இருக்கின்றன. 1971-இல் அங்கே முதல் ராக்கெட் ஏவப்பட்டது. அன்றுமுதல் ராக்கெட் ஏவும் நாள் என்றால் லைட்ஹவுஸ்குப்பம், கூனங்குப்பம், அரங்கங்குப்பம், கோரைக்குப்பம் என்று அத்தனை ஊர்களிலும் கடலுக்குப் போக வேண்டாம் என்ற அறிவிப்பு வந்துவிடும். விமானிகளுக்கு வான் எல்லையை மூடும் அறிவிப்பும், கப்பல்களுக்குக் கடல் எல்லையை மூடும் அறிவிப்பும் அன்றே போகும். ராக்கெட்டின் கழன்ற பாகங்கள் வங்கக்கடலில் விழும் என்பதால் இது தவிர்க்க முடியாதது. ஆனால் விமானம் சற்றுச் சுற்றிப் போனால் போதும், கப்பல் திசை மாற்றிக்கொண்டால் போதும். கூலிக்குப் படகேறுபவருக்கு அந்த நாளின் வருமானம் முழுவதும் போய்விடும். ஜிபிஎஸ் போல இடம் காட்டும் இந்தியாவின் நாவிக் செயற்கைக்கோள்கள் அத்தனையும், 2013-இல் ஏறிய முதல் ஒன்றிலிருந்து, இந்தக் கரையோர மக்கள் படகை நிறுத்தி வைத்திருந்த நாள்களில் மேலே போனவை. இந்தக் கணக்கில் நாடு அவர்களுக்குக் கடன்பட்டிருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

2015 ஆகஸ்ட் 27 அன்று ஜிஎஸ்எல்வி ராக்கெட்டில் ஏறிய ஜிசாட்-6, இந்தக் கடனைத் தீர்க்கக்கூடிய ஒன்று. 6 மீட்டர் விட்டமுள்ள அதன் ஆண்டெனா ராக்கெட்டுக்குள் மடித்து வைக்கப்பட்டு, விண்ணில் விரிந்தது. ஆண்டெனா பெரிதாக இருந்தால் கீழே இருக்கும் கருவி சிறிதாக இருக்கலாம். 35,786 கிலோமீட்டரைத் தாண்டிச் செய்தி அனுப்ப மீனவர் படகில் பெரிய தட்டு வேண்டாம். படகின் மேல் பொருத்தும் சிறு பெட்டி ஒன்று போதும். அதைத்தான் டிரான்ஸ்பாண்டர் என்கிறோம். படகில் இருப்பவர் தன் செல்லைப் புளூடூத் மூலம் அதோடு இணைத்துக்கொள்வார். தமிழில் குறுஞ்செய்தி வரும், தமிழில் பதில் போகும். புயல் எச்சரிக்கை, கடல் எல்லை நெருங்கும் எச்சரிக்கை, மீன் வளம் உள்ள இடம், ஆபத்து என்றால் அழுத்த ஒரு பொத்தான். செய்தி இறங்குவது இந்தியத் தரை நிலையத்தில். பாதுகாப்புத் துறையின் கேள்விக்கும் கடலில் மாட்டியவரின் கேள்விக்கும் ஒரே பெட்டி பதில் சொல்கிறது.

இதற்கு முந்தைய முயற்சிகள் ஒருவழிப் பாதையாகவே இருந்தன. 2019 அக்டோபரில் வந்த ஜெமினி என்ற கருவி ககன் என்ற இந்தியச் செயற்கைக்கோள் அமைப்பின் வழியாக எச்சரிக்கையைக் கடலுக்குள் கொண்டு வந்தது, ஆனால் படகிலிருந்து ஒரு சொல் திரும்பப் போகாது. அதற்கும் முன்பு, 2010 முதல் இஸ்ரோவின் ஆபத்து அறிவிப்புக் கருவி புழக்கத்தில் இருக்கிறது. 20,000-க்கும் மேற்பட்ட கருவிகள் படகுகளில் உள்ளன. அதில் பொத்தானை அழுத்தினால் செய்தி பெங்களூருக்குப் போய், அங்கிருந்து கடலோரக் காவல் படைக்குப் போகும். செய்தி போய்ச் சேர்ந்ததா என்று அழுத்தியவருக்குத் தெரியாது. இருட்டில், கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டு மிதப்பவருக்கு அந்தத் தெரியாமை எவ்வளவு பெரிய பாரம் என்று யோசித்துப் பாருங்கள். 2024 ஜனவரியில் இஸ்ரோ அறிவித்த இரண்டாம் தலைமுறைக் கருவி, செய்தி கிடைத்துவிட்டது என்ற பதிலைப் படகுக்குத் திருப்பி அனுப்புகிறது. தொழில்நுட்பமாகப் பார்த்தால் சிறு சேர்ப்பு. மிதந்துகொண்டிருப்பவர் கைவிடாமல் தாக்குப்பிடிக்க அந்தப் பதில் போதும்.

2024 ஆகஸ்ட் 30 அன்று மகாராஷ்டிரத்தின் பால்கரில், ஒரு இலட்சம் மீன்பிடிப் படகுகளுக்கு டிரான்ஸ்பாண்டர் பொருத்தும் தேசியத் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. செலவு சுமார் 360 கோடி ரூபாய். தமிழ்நாட்டில் விசைப்படகுகள்தான் முதலில் வரிசையில் நின்றன. பழவேற்காட்டில் விசைப்படகு மிகக் குறைவு. அங்கே பெரும்பாலும் ஏரிக்குள் பாடு முறையில் முறை வைத்துப் பிடிப்பவர்களும், அவுட்போர்டு மோட்டார் பொருத்திய ஃபைபர் படகில் கடலுக்குப் போகிறவர்களும்தான். படகு கரைக்கு அருகிலேயே இருக்கும், செல் இருக்கிறதே என்று சொல்லி இவர்களைக் கடைசியில் வைப்பது பெரும் தவறு. மோட்டார் நின்றுபோன ஃபைபர் படகு, வாடைக் காற்றிலும் நீரோட்டத்திலும் ஒரே இரவில் டவர் எல்லையைத் தாண்டிவிடும். 32 கிலோமீட்டர் என்பது நின்றுகொண்டிருக்கும் படகுக்குப் போட்ட கணக்கு. செல்லின் பேட்டரியோ அதற்குள் தீர்ந்திருக்கும். 2016 டிசம்பரில் வர்தா, 2023 டிசம்பரில் மிக்ஜாம் என்று இந்தக் கரையை உலுக்கிய புயல்களை நினைத்தால், கூனங்குப்பத்து ஃபைபர் படகு ஒன்றுக்கு இந்தப் பெட்டி தேவையா என்ற கேள்வியே எழக்கூடாது.

இனி வருவது இன்னும் பெரிய மாற்றம். தனிப் பெட்டி எதுவும் இல்லாமல், சட்டைப் பையில் இருக்கும் சாதாரண செல்லே செயற்கைக்கோளோடு பேசும் காலம் வந்துவிட்டது. 2022-இல் வந்த ஐபோன் 14 முதற்கொண்டு அந்த வசதி செல்லுக்குள்ளேயே இருக்கிறது. சென்னை விமான நிலையத்தில் ஒவ்வொரு நாளும் ஆயிரக்கணக்கானோர் அந்தச் செல்லோடு எக்ஸ்ரே பெல்ட்டைத் தாண்டுகிறார்கள், யாரும் தடுப்பதில்லை. இந்தியாவுக்குள் அந்தச் சேவை திறக்கப்படாததால் செல் பேசாமல் இருக்கிறது. பெட்டியைப் பார்த்துத் தடுத்த காலம் இதோடு முடிகிறது. திரையில் தெரியும் உருவத்தை வைத்து, இது கேட்கும் கருவியா பேசும் கருவியா என்று எந்தப் பாதுகாப்பு வீரராலும் இனிப் பிரிக்க முடியாது. எந்த அலை எந்த நாட்டில் இறங்குகிறது என்பதை வலையமைப்பில்தான் கட்டுப்படுத்த வேண்டியிருக்கும்.

தொலைத்தொடர்புத் துறை அதை உணர்ந்திருக்கிறது. செயற்கைக்கோள் சேவை நிறுவனங்களுக்கு 2025 மே மாதம் விதித்த நிபந்தனைகளில், தரை நிலையம் இந்தியாவில் இருக்க வேண்டும், நாவிக்கை ஆதரிக்க வேண்டும் என்பதோடு, தரை எல்லையிலிருந்து 50 கிலோமீட்டர் உள்ளே வரையும், கடலில் 200 கடல் மைல் வரையும் சிறப்புக் கண்காணிப்பு மண்டலமாக இருக்கும் என்றும் இருக்கிறது. அடுத்த மாதம் ஸ்டார்லிங்க்குக்கு உரிமம் கிடைத்தது. பழவேற்காட்டு மீனவர் வலை போடும் ஒவ்வொரு இடமும் அந்த 200 கடல் மைலுக்குள்தான் வருகிறது. அந்த மண்டலத்தில் இருப்பவர்களைக் கண்காணிக்கப்பட வேண்டியவர்களாக மட்டும் எழுதி வைத்திருப்பது போதாது. அவர்கள் காப்பாற்றப்பட வேண்டியவர்கள் என்றும் அதே நிபந்தனையில் ஒரு வரி சேர்க்க வேண்டும். கரையில் 112-ஐ அழைக்க எந்த நிறுவனத்தின் டவரும் போதும். கடலோரக் காவல் படையின் 1554-ஐ அழைக்க இன்றும் டவர் வேண்டியிருக்கிறது. செயற்கைக்கோள் சேவைக்கு உரிமம் வாங்கும் ஒவ்வொரு நிறுவனமும், ரீசார்ஜ் தீர்ந்துபோன செல்லிலிருந்தும், தன் வாடிக்கையாளராக இல்லாதவரிடமிருந்தும், 1554-க்கு ஒரு குறுஞ்செய்தியையும் அந்தச் செல் இருக்கும் அட்சரேகை தீர்க்கரேகையையும் காசில்லாமல் கொண்டு சேர்க்க வேண்டும், கிடைத்தது என்ற பதிலையும் திருப்பி அனுப்ப வேண்டும்.